பட்டர் பேப்பரில் ஒரு காடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். ஒரு துணியைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அடி விழுந்தது அந்த இடத்தில்தான்.

கடை எங்கள் வீட்டின் முன்னறை. என்னோடு சேர்ந்து தைப்பவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. வீட்டுக்கு நான் பெரியவள், அவள் சின்னவள். கோட்டுக்குக் கை வெட்டும்போது தாளை ஒருமுறை வைத்து வெட்டிவிட்டு, மறுமுறை திருப்பி வைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் வலது ஒன்று, இடது ஒன்று என்று வரும். பதினோரு வருடத்துக்கு முன்னால், வந்த புதிதில், சின்னவள் திருப்ப மறந்துபோய் ஒரு பேண்டு மாஸ்டரின் கோட்டுக்கு இரண்டு இடது கைகளை வெட்டிவிட்டாள். அன்றைக்கே அவளுக்கு 'ரெட்டை இடது' என்று பெயர் வைத்தேன். அவள் உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தால்கூட, "பாத்தீங்களா, ரெட்டை இடது வேலையைக் காட்டிட்டா" என்று வீடே கேட்கச் சொல்லுவேன். அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

எங்கள் கடை மேற்குப் பார்த்தது. கூரை தகரம். மத்தியானம் இரண்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்காமலேயே துணி தேய்க்கலாம் போலிருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கொக்கி, பட்டன், மடிப்புத் தையல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிடுவோம். அங்கே மூன்று மரங்கள்: ஒரு பலா, ஒரு நாவல், ஒரு தூங்குமூஞ்சி மரம். அவற்றின் அடியில் உட்கார்ந்தால் உயிர் திரும்பி வரும். என் வாழ்க்கையில் நான் சண்டை போடாமல் இருக்கும் இரண்டு மணி நேரம் அதுதான்.

அந்த மரங்களுக்குத்தான் ஆபத்து வந்தது. என் கொழுந்தன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றால் ஒரு கார், ஒரு போர்டு, அவர். தன் முகத்தைவிட அந்தக் காரை அதிகம் துடைப்பார். தெருவில் நிறுத்தியிருந்தபோது யாரோ அதில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் சொன்னார்.

"கொல்லையில ஷெட் போடப் போறேன். பின்சந்து கேட்டை ஒட்டி, இடது மூலையில. பலாவும் நாவலும் போகணும். சிமெண்டை வேர் தூக்கிடும், அதனால மூணாவதையும் எடுத்துடலாம்."

"மரத்தையா? தம்பி, அங்க நிழல் இருக்கு!"

"நிழலுக்குத்தானே அண்ணி ஷெட் போடறேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தபால் ஆபீசில் நாள் முழுக்க முத்திரை குத்துகிறவர். வீட்டில் மட்டும் எதிலும் குத்த மாட்டார். "ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்று மோர் ஊற்றிக்கொண்டார்.

"அங்க என்ன அண்ணி இருக்கு? ஒரு புல்லு முளைக்குதா? வெறும் சருகு" என்றார் கொழுந்தன்.

"முளைக்க வச்சுக் காட்டறேன். குட்டிக் காடாவே ஆக்கிக் காட்டறேன்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அவர் சிரித்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மேஸ்திரி வருகிறார், அதற்குள் அந்தச் சருகு மேட்டில் நன்றாக வளர்ந்து நிற்கிற மாதிரி ஏதாவது இருந்தால் மரங்களைத் தொடுவதில்லை, இல்லையென்றால் நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று பேச்சு முடிந்தது. கையில் ஐந்து வாரம் இருந்தது.

மறுநாளே சின்னவளை இழுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரம்மா மண் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். என்னைவிட வாய் நீளமான ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

"நிழலுக்குச் செடி வேணுமா? என்ன நிழல்?"

"நிழல்னா நிழல்தானே?"

"துணின்னா துணிதான்னு உங்ககிட்ட வந்து சொன்னா தைச்சுக் குடுப்பீங்களா?" அளவு டேப் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். "மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அங்க உட்கார்ந்து ஊசியில நூல் கோக்க முடியுமா? முடிஞ்சா வெளிச்ச நிழல். தடவித் தடவிக் கோத்தா அடர் நிழல். இலை நடுவுல வெயில் விழற இடம் தனி. எது எங்கன்னு ஒரு நாள் பூரா பாத்து அளந்துட்டு வாங்க. அளவு இல்லாம செடி தரமாட்டேன்."

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சொந்தக்காரியைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் கடைக்கு விடுமுறை விட்டோம். பூ வேலைக்குப் படம் எடுக்க நாங்கள் பட்டர் பேப்பர் வைத்திருப்போம். மெல்லிசான தாள், கோடு போட்டால் இரண்டு பக்கமும் தெரியும். அதில் பெரிய தாளாக ஒன்றை எடுத்தேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை மணிக்கொருதரம் சின்னவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு சருகுக்குள் குதிப்பாள், எண்ணைக் கத்துவாள். வெயில் விழுந்த இடத்தையெல்லாம் நான் நீலப் பென்சிலால் வட்டம் போடுவேன். மரங்களை மட்டும் வரையவில்லை. அவை எங்கே ஓடிவிடப் போகின்றன?

"அக்கா, மூலையில 'மேல்'னு எழுதிடுங்க. எந்தப் பக்கம்னு தெரியாம போயிடும்" என்றாள் சின்னவள்.

"இது என்ன பேண்டு மாஸ்டர் கோட்டா? என்கிட்ட அதெல்லாம் நடக்காது."

நாலு மணிக்குக் கொழுந்தன் வந்து எட்டிப் பார்த்தார். வேடிக்கை பார்த்தோமா போனோமா என்று இல்லாமல், சட்டைப் பையிலிருந்த சிவப்பு மார்க்கரை எடுத்து இடது மூலையில் பெரிய கட்டம் ஒன்று போட்டு, "இதையும் குறிச்சுக்குங்க அண்ணி, ஷெட்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மூலையை அப்படியே மடக்கிக் குண்டூசி குத்திவிட்டேன். அந்தச் சிவப்பு என் கண்ணில் படக் கூடாது.

மறுநாள் தாளோடு நர்சரிக்குப் போனபோது எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? ஜவுளிக்கடையில்கூட நான் அப்படி ஆனதில்லை. ஒரு கலாத்தியா இலையைத் திருப்பினால் அடியில் நல்ல ஊதாப் பட்டில் உள்துணி கொடுத்திருக்கிறது! யாரும் பார்க்காத பக்கத்துக்கு அவ்வளவு வேலைப்பாடு. காலடியத்தில் இளஞ்சிவப்பு நரம்பு, ஓரத்தில் பச்சைக் கரை. பெரணியில் எத்தனை மடிப்பு, ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு "இதைத் தைச்சவ யாருடி?" என்றேன். சின்னவள் யானைக்காது இலை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். நாற்பது வயதுப் பெண்பிள்ளை.

"எல்லாத்தையும் கட்டிப் பிடிக்காதீங்க" என்றாள் நர்சரிக்காரம்மா. "காடுன்னா அடுக்கு. மேல உங்க மரம் இருக்கு. நடுவுல இடுப்பு உயரத்துக்கு யானைக்காது, இந்தச் சிவப்பு இஞ்சி. கீழ தரையை மூட பெரணி, கலாத்தியா, சிங்கோனியம். ஒரே செடியை அஞ்சஞ்சா சேத்து வைங்க, ஒண்ணு ஒண்ணா வச்சா கண்காட்சி மாதிரி இருக்கும். வெயில் விழற வட்டத்துல மட்டும் டேபிள் ரோசும் வாடாமல்லியும். அதுங்களுக்கு வெயில் இல்லன்னா வாயைத் திறக்காது. மேகம் மூடின நாளாப் பாத்து நடுங்க, கன்னு வாடாது."

பத்துச் செடி வாங்கப் போனோம். அறுபத்து மூன்று வாங்கினோம். ஏற்றிவர வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கொழுந்தனேதான். "எப்படியும் சாகப் போறதுதானே, நானே கொண்டுவந்து விடறேன்" என்று பெருந்தன்மையாக வந்துவிட்டார். ஆனால் ஓட்டியது அவர் இல்லை. அது கார் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டரம்மாவின் வகுப்பு நேரம். என் மடியில் ஒன்பது, சின்னவள் மடியில் பதினொன்று, மிச்சம் காலடியிலும் டிக்கியிலும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பெரணி டாக்டரம்மாவின் கழுத்தைக் கூசவைத்தது. அவர் நெளிய, கார் நெளிய, கொழுந்தன் "கிளட்ச்! கிளட்ச்!" என்று அலற, நாங்கள் பின்னால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து அதைத் துடைக்கக் கை இல்லாமல் வந்து சேர்ந்தோம்.

இரண்டு நாள் கழித்து வானம் மூடியது. தாளைச் சமையலறை வாசல்படியில் விரித்து, நாலு பக்கமும் கத்தரிக்கோல் வைத்துவிட்டு நட ஆரம்பித்தோம்.

"அக்கா, நாவல் மரத்தடியிலயா டேபிள் ரோஸ்?"

"பேப்பர்ல அங்கதான் வட்டம் இருக்கு."

"பழைய தண்ணித் தொட்டிப் பக்கம் பெரணியா? அங்க மேல ஒண்ணுமே இல்லையே."

கொல்லையின் வலது மூலையில் விரிசல் விட்ட சிமெண்டுத் தொட்டி ஒன்று பத்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. அங்கே மரம் இல்லைதான். ஆனால் தாளில் வட்டம் இல்லையே!

"பக்கத்து வீட்டு நிழல் விழும்போல. கண்ணு ஏமாத்தும், அளவு ஏமாத்தாது. நீ குழியைத் தோண்டு, ரெட்டை இடது."

அவள் தோண்டினாள்.

ஒரு வாரத்தில் பெரணி ஓரமெல்லாம் பழுப்பாகி முறுகத் தொடங்கியது. கலாத்தியா இலையைச் சுருட்டிக்கொண்டது. டேபிள் ரோஸ் ஒரு பூ பூக்கவில்லை. வெளுத்துப்போய்க் கழுத்தை மட்டும் நீட்டியது. நான் யாரைத் திட்டியிருப்பேன்? சின்னவளைத்தான். தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறாய் என்றேன். அவள் குறைத்தாள். குறைவாக ஊற்றுகிறாய் என்றேன். மூன்றாவது வாரம் அவள் சிரிக்காமல் ஊற்ற ஆரம்பித்தாள். மேஸ்திரி வர இரண்டு நாள் இருக்கையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மரங்கள் போய்விட்டால் மத்தியானம் நாங்கள் எங்கே போவோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிச் சீருடைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தோம். சின்னவள் தாளைத் துணியில் வைத்தாள். "மேல்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். வெட்டினாள். திருப்பினாள். "கீழ்" என்றாள். பதினோரு வருடமாக ஒவ்வொரு கைக்கும் அப்படிச் சொல்லிக்கொள்கிறாள். அதையும் நான் கேலி செய்வேன். அன்று மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்ததும், பட்டர் பேப்பரில் நான் எழுதாமல் விட்ட 'மேல்' ஞாபகம் வந்தது.

எழுந்து கொல்லைக்கு ஓடினேன். உச்சிவெயில். மண்ணில் வெயில் வட்டங்கள் பளிச்சென்று கிடந்தன. தாளை விரித்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தாளை அடிப்பக்கம் மேலாக வரும்படி திருப்பினேன். அத்தனை வட்டமும் அளவெடுத்துத் தைத்த மாதிரி போய் உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தால் சின்னவள் வாசலில் நிற்கிறாள், கையில் கத்தரிக்கோலோடு.

"சின்னவளே," என்றேன். "நீ அன்னிக்குத் திருப்ப மறந்த. நான் திருப்பக் கூடாததைத் திருப்பிட்டேன்டி."

அவள் தாளைப் பார்த்தாள். பெரணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஒரு கோட்டுக்கே பதினோரு வருஷம்னா, ஒரு காட்டுக்கு எத்தனை வருஷம்?"

எனக்கும் வந்துவிட்டது சிரிப்பு. அழுகையும்கூட. ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் ஆனை அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் தம்பட்டம் அடித்திருக்காது. "யார்கிட்டயும் சொல்லிடாதேடி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உடனே, "சத்தியமா சொல்ல மாட்டேன். சிரிப்பு வந்தா மட்டும் நான் பொறுப்பில்ல" என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அறுபத்து மூன்று செடிகளையும் இடம் மாற்றினோம். இடது பக்கத்தில் இருப்பது வலதுக்கு, வலதில் இருப்பது இடதுக்கு. நடுவில் எதிரும் புதிருமாக வரும்போதெல்லாம் அவள் "மேல்" என்பாள், நான் "கீழ்" என்பேன், மண்ணோடு சிரித்துத் தடுமாறுவோம். என் வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிறு காலை. இடம் மாற்றிய செடிகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பெரணி பாதி கருகல். மேஸ்திரி மரமுளைகளும் சுத்தியலுமாக வந்து நின்றார். கொழுந்தன் கொல்லையை ஒரு சுற்று சுற்றினார். அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும், சத்தமாகப் பேசவில்லை.

"அண்ணி, இதையா வளர்ந்து நிக்கறதுன்னு சொல்றது?"

நான் குனிந்து ஒரு கருகிய பெரணி இலையைக் கிள்ளினேன். வாய் நீளமானவளுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

அவர் வாசல்படியில் கிடந்த பட்டர் பேப்பரை எடுத்தார். குண்டூசியைப் பிடுங்கி, மடித்த மூலையை நீவிவிட்டு மேஸ்திரியிடம் நீட்டினார். "சிவப்புக் கட்டம் இருக்கு பாருங்க, அங்கதான் ஷெட். முளை அடிச்சிடுங்க, நான் வகுப்பை முடிச்சுட்டு வந்துடறேன்." பின்சந்தில் பல் டாக்டரம்மா காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தாளைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், விறுவிறுவென்று வலது மூலைக்கு நடந்து தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் டங் டங்கென்று முளை அடிக்கத் தொடங்கினார்.

சத்தம் கேட்டுக் கொழுந்தன் பாதி வழியில் திரும்பினார். "ஐயா! அங்க இல்ல, இந்தப் பக்கம்!"

"பேப்பர்ல இங்கதானே இருக்கு?" என்றார் மேஸ்திரி. "நல்ல இடமாத்தான் குறிச்சிருக்கீங்க. வேர் கிடையாது. தொட்டியை உடைச்சு அந்தக் கல்லையே தளத்துக்குப் போட்டுக்கலாம். மரம் வெட்ட ஆள் தேட வேணாம். நாலு நாள் வேலை மிச்சம்."

கொழுந்தன் ஓடிவந்து தாளைப் பிடுங்கித் திருப்பினார். கட்டம் இடது மூலைக்குப் போனது. மறுபடி திருப்பினார். வலது மூலைக்கு வந்தது. அவர் முகம் மாறியது.

"இதை வச்சுத்தான் செடி நட்டீங்களா? அதான் இப்படி ஆயிருக்கு! தாளைத் திருப்பி வச்சு நட்டிருக்கா." நேரே சின்னவளைப் பார்த்தார். "வேற யாரு? ரெட்டை இடது!"

மேஸ்திரி சிரித்தார். என் வீட்டுக்காரரும் லேசாகச் சிரித்தார். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள், பார்க்கப் பழக்கியது நான். சின்னவள் தலையைக் குனிந்து சேலை நுனியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள் அல்லவா? பேண்டு மாஸ்டரின் கோட்டைப் பிரித்துப் பார்த்த அன்றும் இப்படியேதான் நின்றாள். அன்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

"அவ இல்ல," என்றேன். "நான்தான்."

யாரும் நம்பவில்லை.

"நான்தான் திருப்பி வச்சேன்! 'மேல்'னு எழுதுங்கன்னு அவ சொன்னா, நான் எழுதல. நாவல் மரத்தடியில வேணாம்னா, நான் கேக்கல. செடி வாடினதுக்கும் அவளையே திட்டினேன். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை, அறுபத்து மூணு செடியையும் தப்பா வெட்டிட்டேன். போதுமா? இப்ப எல்லாரும் சிரிங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னவள் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது, உதடு மட்டும் துடித்தது, சிரிப்பை அடக்குவதற்கு.

"ஆனா தம்பி," என்றேன், வாய் திரும்ப வந்துவிட்டிருந்தது, "நான் திருப்பினதுல செடி வாடிச்சு. நீங்க இப்ப திருப்பிக் குடுத்ததுல ஷெட்டுக்கு நல்ல இடம் கிடைச்சிருக்கு. மரமும் இருக்கும், காரும் இருக்கும்."

கொழுந்தன் தாடையைச் சொறிந்தார். "கேட் இடது பக்கம் இருக்கு அண்ணி. அங்கிருந்து சுவரை ஒட்டியே பின்னால வந்து, வளைச்சு ஒடிச்சுத் திருப்பி... ரிவர்ஸ்ல அதெல்லாம் ரொம்பக் கஷ்டம்."

சின்னவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஊருக்கே ரிவர்ஸ் சொல்லிக் குடுக்கிறீங்க. உங்களுக்கு வராதா?"

பின்சந்தில் ஹாரன் நின்றுவிட்டது. பல் டாக்டரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், உங்களுக்கே வராதா?" என்று கேட்டார்.

கொழுந்தன் நேரே காருக்குப் போனார். டாக்டரம்மாவை இறக்கிவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். அதற்குள் நானும் சின்னவளும் தொட்டியோரம் மாற்றி நட்டிருந்த டேபிள் ரோசையெல்லாம் பெயர்த்து ஓரமாக வைத்தோம். பிறகு அந்தக் கார் கேட்டுக்குள் பின்னாலேயே வந்தது, பலாவைத் தொடாமல் வளைந்தது, சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய் மேஸ்திரியின் நாலு முளைகளுக்கு நடுவில் ஒரே முயற்சியில் நின்றது. டாக்டரம்மா கை தட்டினார். கொழுந்தன் இறங்கிக் கதவைச் சாத்தி, கீறல் விழுந்த பக்கத்தைத் தோள்துண்டால் ஒரு தடவை துடைத்தார்.

"இதெல்லாம் ஒரு ரிவர்ஸா?" என்றார். "மேஸ்திரி, இங்கேயே போட்டுடுங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு நானும் சின்னவளும் கொக்கி டப்பாவோடு மரத்தடிக்குப் போனோம். கருகிய பெரணி ஒன்றின் நடுவில், விரல் நுனி அளவுக்குச் சுருண்டு, ஒரு புதுக் குருத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஊசியில் நூல் கோத்தேன். ஒரே தடவையில் கோத்துவிட்டேன், வெளிச்ச நிழல்.

"சின்னவளே, இனிமே உன்னை ரெட்டை இடதுன்னு கூப்பிட மாட்டேன்."

"ஐயோ, நிறுத்திடாதீங்க!" அவள் பதறிப்போய்ப் பட்டனைக் கீழே போட்டாள். "அப்புறம் நான் உங்களைத் திருப்பிக் கூப்பிட முடியாதேக்கா. நேத்துல இருந்து பேரு யோசிச்சுக்கிட்டிருக்கேன். இன்னும் பதினோரு வருஷம் இருக்கு."